சுண்ணமும் தீந்தையும்: மன்னார்க் கரையின் மனைச்சுவர் வரலாறு

புதுமனை புகுவோர் நல்ல நாள் பார்ப்பர். வாயிலில் மாவிலைத் தோரணங் கட்டுவர். நிறைகுடம் வைத்து விளக்கேற்றிப் பால் காய்ச்சுவர். இவையாவும் நிகழ்வதற்கு முன்னரே அம்மனையின் உட்சுவர்கள் ஒரு நிறம் பெற்றுவிடுதல் வேண்டும். வெறுஞ் சாந்தோடு நிற்கும் சுவர்களை நம்மவர் வீடென்று கொள்வதில்லை; அவை கட்டடமாகவே கருதப்படும். கல்லும் மரமுங் கூடிக் கட்டடமாவது கொத்தர் தச்சர் தொழிலால். கட்டடம் இல்லமாவது சுவருக்கு இடுங் கடைசிப் பூச்சினால் என்று கூறினும் தவறாகாது.

மன்னர் வரிசைகளையும் போர்களையும் எழுதிய வரலாற்றாசிரியர் இச்சிறு செயலைப் பொருட்படுத்தினாரல்லர். ஆயினும், மன்னார்த் தீவிலும் அதற்கு எதிரேயுள்ள பெருநிலக் கரையிலும் வீட்டுச்சுவர் எதனால், எவரால், எவ்வாறு வெண்மை பெற்றது என வினவப் புகுந்தால், அக்கரையின் நெடிய வாழ்க்கை முழுவதும் அவ்வெண்மைக்குப் பின்னே நிற்பதைக் காணலாம். அவ்வாழ்க்கையை இரண்டு சொற்கள் சுமந்து நிற்கின்றன. ஒன்று சுண்ணம், மற்றையது தீந்தை. முன்னது இக்கரைகளிலிருந்து ஐரோப்பியர் நாவுக்குச் சென்றது. பின்னது ஐரோப்பியர் நாவிலிருந்து நம்மிடம் வந்தது. இவ்விரு சொற்களின் வழியே சென்று, தன் சுவரின் வெண்மை எங்கிருந்து வருகின்றது என்பதை அறிந்திருந்த மனிதன் அதனை அறியாதவனாக மாறிய வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழந்தமிழர் மனைச்சுவர்

சுவருக்கு வெண்பூச்சு இடுதல் தமிழருக்குப் புதியதொரு வழக்கமன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையிலே நக்கீரர் பாண்டிமாதேவியின் உள்ளறையை வருணிக்கின்றார். அவ்வறையிலே வெள்ளிபோல விளங்குஞ் சுதை பூசப்பட்டிருந்தது. தூண்கள் மணிபோற் கருமை பெற்றிருந்தன. நெடிய சுவர்கள் செம்பினாற் செய்தாற்போலத் தோன்றின. அச்சுவர்களிலே பல பூக்களையுடைய ஒரு கொடி வளைய வளைய எழுதப்பட்டிருந்தது. வெண்மை, கருமை, செம்மை என்னும் மூன்றும் ஓர் உள்ளறையில் ஒழுங்குபட அமைந்த காட்சியை இப்பாடல் நமக்குக் காட்டுகின்றது. சாத்தனார் மணிமேகலையிலே புகார் நகரத்துச் செங்கல் மாடங்களின் வெண்சுதையின்மேல் வல்லார் எழுதிய ஓவியங்களையும், அவற்றைக் கண்டு நின்ற மக்களையும் கூறுகின்றார்.

இவ்விரு நூல்களும் நமக்கு உணர்த்துவன இரண்டு. முதலாவது, சுதை என்பது தானே ஓர் அழகாகவும், பிற நிறங்கள் ஏறுவதற்குரிய தளமாகவும் விளங்கியது. தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றிலே 1931ஆம் ஆண்டில் வெளிப்பட்ட சோழர் ஓவியங்களும் சுண்ணச் சாந்தின் மேலேயே எழுதப்பட்டவை. ஈழநாட்டிலே ஐந்தாம் நூற்றாண்டிற் காசியப்பன் அமைத்த சிகிரியாவின் கண்ணாடிச் சுவரும், செங்கல்லின்மேற் சுண்ணச்சாந்து பூசி மினுக்கப்பெற்றதேயாகும். இரண்டாவது, இவ்வழகு அரசர்க்கும் வணிகர்க்கும் உரியதாயிருந்தது. எளியோர் மனையின் சுவரைப்பற்றி அந்நூல்கள் மிகுதியும் பேசுவதில்லை. இவ்வேறுபாட்டை நாம் பின்னரும் காணப்போகின்றோம்.

மன்னார்க் கரையிலே இவ்வகை மாடங்கள் எழுதற்குரிய செல்வம் பண்டுதொட்டே இருந்தது. மகாவம்சம் மகாதித்த என்று கூறுவதும், நாயன்மார் மாதோட்டம் என்று பாடியதும் இக்கரையே. திருஞானசம்பந்தரும் சுந்தரரும் திருக்கேதீச்சரத்துப் பெருமானைப் பாடினர். 1980 முதல் 1984 வரை மாந்தையில் நடைபெற்ற அகழ்வுகள் சீனநாட்டுப் பீங்கான்களையும் மேற்காசிய மட்கலங்களையும் வெளிப்படுத்தி, கீழைக்கடலும் மேலைக்கடலும் கைகோத்த துறை இது என்பதை ஐயமற நிறுவின. பெருநிலத்தின் களிமண்ணிலே செங்கல் அறுக்கலாம். ஆனால் தீவோ மணல். ஓங்கிய மலையில்லை, வெட்டி எடுக்கத்தக்க பெருங்கருங்கல்லில்லை. கட்டுவதற்கும் பூசுவதற்கும் வேண்டிய சுண்ணத்தை அக்கரையினர் தேடிய இடம் கடலேயாகும்.

கடல் தந்த வெண்மை

சங்கு, சிப்பி, மட்டி, பவளப்பாறை ஆகிய யாவும் கடல்நீரிற் கரைந்துள்ள சுண்ணத்தை உயிரினங்கள் வாங்கித் தமக்கு உறையாகவும் உறையுளாகவும் ஆக்கிக்கொண்டவை. இரசாயன நூலார் இதனைக் கல்சியங் காபனேற்று என்பர். இதனைச் சூளையிலே ஏறத்தாழ 900 பாகை செல்சியசு வெப்பத்திற் சுட்டால், நூறு பங்கு எடையில் நாற்பத்து நான்கு பங்கு காபனீரொட்சைட்டு வாயுவாக வெளியேறும். எஞ்சிய ஐம்பத்தாறு பங்கே சுட்ட சுண்ணாம்பு. அதன்மீது நீர் ஊற்ற, அது சீறிக் கொதித்துப் பதினெட்டுப் பங்கு நீரை உட்கொண்டு நீறிய சுண்ணாம்பாகும். அந்நீறு சுவரிலே பூசப்பட்டபின் என்ன நிகழ்கின்றது? காற்றிலிருந்து, தான் சூளையில் இழந்த அதே நாற்பத்து நான்கு பங்கு வாயுவை மெல்ல மெல்ல மீட்டுக்கொண்டு, நீரை வெளிவிட்டு, மீண்டும் கல்லாக இறுகுகின்றது. எனவே வெண்சுதை பூசிய சுவரென்பது உருமாறிய சிப்பியேயாகும். கடலில் ஓர் உயிருக்கு வீடாயிருந்தது, கரையிலே மனிதனுக்கு வீடாகின்றது. இஃது அணிக்காகக் கூறியதன்று. இரசாயனம் கூறும் உண்மையே.

தொழில்முறையும் கவனிக்கத்தக்கது. சிப்பியும் விறகும் மாறிமாறி அடுக்கிச் சூளை எரிப்பர். சுட்டதை நீற்றிக் குழியிலோ தொட்டியிலோ நீர் நிற்கும்படி ஊறவைப்பர். நாட்பட ஊறிய சுண்ணாம்பே வெண்ணெய்போற் குழையும். ஊறாதது சுவரிலே பின்னர்ப் பொரிந்து வெடிக்கும். சாந்துக்கு மணலோடு கடுக்காய் ஊறிய நீரும் பனங்கட்டிக் கரைசலும் சேர்ப்பது தமிழ்நாட்டுக் கொத்தர் மரபு. சென்ற் எலனாத் தீவின் தேசாதிபதியாயிருந்த ஐசக்கு பைக்கு என்பார், சென்னையிற் சாந்து செய்யும் முறையை விரிவாக எழுதியனுப்ப, இலண்டன் வேத்தியற் கழகத்தின் ஆய்விதழ் 1732இல் அதனை அச்சிட்டது. கடுக்காய், பனைவெல்லம் முதலாயினவும், மேற்பூச்சின் மினுக்கத்துக்கு முட்டை வெண்கரு, நெய், தயிர் என்பனவும் அதிற் கூறப்பட்டன. சலவைக்கல்லைப் பெரிதாக மதித்த ஐரோப்பியர், சலவைக்கல்லோடு ஒப்பிடத்தக்க பூச்சொன்று சிப்பியினின்றும் பிறந்ததைக் கண்டு வியந்தனர்.

அவ்வியப்போடு சொல்லுங் கூடவே சென்றது. சுண்ணம், சுண்ணாம்பு என்னும் நம் சொற்கள் சுனம் என்னும் வடிவிலே ஆங்கில நூல்களிற் புகுந்தன. சூர்ணம் என்னும் வடசொல்லோடு தொடர்புடைய இச்சொல்லை, யூல், பேர்ணல் என்னும் இருவர் 1886இல் வெளியிட்ட ஆங்கிலோ இந்தியச் சொற்றொகுதியும் ஏற்றுக்கொண்டது.

பறங்கியர் வருகையும் தீந்தையும்

1560ஆம் ஆண்டிலே, யாழ்ப்பாணத்து அரசின்மீது தொடுத்த படையெடுப்பு நிலையான வெற்றி தராது போகவே, போர்த்துக்கேயர் மன்னார்த் தீவிலே கோட்டை அமைத்தனர். 1658இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றித் திருத்தியமைத்தனர். 1795இல் அஃது ஆங்கிலேயர் வசமாயிற்று. நான்கு கொத்தளங்களோடு, கூரையிழந்த தேவாலயச் சுவர்களையும் உள்ளடக்கிக் கடலோரத்தில் நிற்கும் அக்கோட்டைக்குத் திருக்கேதீச்சரக் கோயிலின் கற்கள் கொண்டுசெல்லப்பட்டன என்பது இப்பகுதி மக்களிடை வழங்கிவரும் மரபு. ஒரு வீட்டை இடித்து மற்றொரு வீடு கட்டுவது அரசுகளின் பழைய வழக்கமாகும்.

போர்த்துக்கேயர் நம் வீட்டுக்குள்ளே விட்டுச்சென்ற சொற்கள் பல. சன்னல், சாவி, மேசை, அலுமாரி என்பன அவற்றுட் சில. இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கது தீந்தை என்பது. நிறப்பூச்சைக் குறிக்கும் இச்சொல் தமிழ்நாட்டிற் பெருவழக்குப் பெறவில்லை. இலங்கையிலோ, தமிழிற் தீந்தை என்றும் சிங்களத்திற் தீந்த என்றும் இன்றளவும் வழங்குகின்றது. இரண்டுக்கும் மூலம் திந்தா என்னும் போர்த்துக்கேயச் சொல்லே. சுண்ணத்தை நாம் கொடுத்தோம். தீந்தையை நாம் கொண்டோம். முன்னது கரையிற் கிடக்கும் பொருளின் பெயர். பின்னது கப்பலில் வந்த பொருளின் பெயர். இவ்வேற்றுமை சிறிதாகத் தோன்றினும், பின்னர் நிகழ்ந்த மாற்றம் முழுவதும் இதனுள் வித்தாக அடங்கியிருந்தது.

அரிப்பு மாளிகை

சிப்பிச் சுண்ணத்தின் புகழுக்கு மன்னார்க் கரையிலே தனிச்சான்றாக நிற்பது அரிப்பு மாளிகையாகும். அரிப்பு சிறிய ஊர். ஒல்லாந்தர் கோட்டையொன்று அங்கிருந்தது. கண்டி அரசிற் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சிறையிருந்து தப்பிய இறொபேட்டு நொக்ஸ் 1679இலே வந்தடைந்த இடம் அதுவே. ஆங்கிலேய ஆட்சியின் முதற் தேசாதிபதியாகிய பிரெடெரிக்கு நோத்து, முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்தற்கென 1801 முதல் 1804 வரையிலான காலத்திலே அங்கு, கடலை நோக்கிய மேட்டின்மீது, கிரேக்க தோரிக்க முறையில் ஒரு மாளிகையைக் கட்டுவித்தார். முறையின் பெயராலேயே அது தோரிக்கு என அழைக்கப்பட்டது. கொழும்பிற் படைக்குருவாயிருந்த யேம்ஸ் கார்டினர் 1807இல் வெளியிட்ட தம் நூலிலே அதனை மிகவும் புகழ்ந்துரைத்தார். அதன் தூண்கள் கல்லாலானவையல்ல, செங்கல்லாலானவை. அவற்றின்மேற் சிப்பிச் சுண்ணத்தின் நுண்சாந்து பூசப்பட்டு, மினுக்கிய சலவைக்கல்போற் தோன்றின.

இம்மாளிகைக்கு அண்மையிற் சிலாபத்துறையிலும் தெற்கே மறிச்சுக்கட்டியிலும் முத்துச் சலாபம் கூடும் காலங்களிலே, வெறுமணல் சில வாரங்களில் ஒரு நகரமாகும். பல நாட்டு வணிகரும், கீழக்கரை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம், மன்னார் என்னும் இடங்களிலிருந்து வந்த குளிகாரரும், அராபியக் குளிகாரருங் கூடுவர். பார்களினின்றும் எடுத்த சிப்பிகளை வேலியிட்ட கொட்டுக்களிற் குவித்து அழுகவிட்டு முத்தெடுப்பர். முத்தெடுத்தபின் எஞ்சுவது ஓடு. அரிப்புக் கரை நெடுகச் சிப்பி ஓடுகள் மேடாகக் குவிந்து கிடந்தமையை எமேசன் தெனென்று 1859இல் வெளியிட்ட தம் நூலிலே குறித்துள்ளார். 1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் மாத்திரம் எட்டுக்கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அவற்றுள் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கும் ஒரு பங்கு குளிகாரர்க்கும் உரியவாயின.

ஈண்டு நாம் சற்று நின்று நோக்குதல் வேண்டும். கடலின் அடியிலே மூச்சடக்கிச் சிப்பி எடுத்தவன் சலாபக் காலத்தில் உறங்கியது ஓலைக் குடிசையில். அவ்வினத்துச் சிப்பியின் வெண்மை ஏறியதோ தேசாதிபதியின் தூண்களில். சங்ககாலத்து மாடத்துக்கும் குடிசைக்கும் இடையிலிருந்த அதே தூரம் அரிப்பிலும் இருந்தது. காலம் அதனையும் விட்டுவைக்கவில்லை. கடலலை மேட்டை அரித்து அரித்து, மாளிகையின் பெரும்பகுதி இன்று வீழ்ந்துவிட்டது. கடலினின்றும் எழுந்த சுண்ணம் கடலுக்கே மீள்கின்றது.

எளியோர் வீட்டுச் சுவர்

கல்வீடு என்பது வடபகுதியிலே நெடுங்காலம் செல்வத்தின் அடையாளமாயிருந்தது. பெரும்பாலோர் வாழ்ந்தவை மண்சுவரும் பனையோலையோ கிடுகோ வேய்ந்த கூரையும் உடைய வீடுகள். அவற்றின் தரையையும் சுவரின் அடிப்பாகத்தையும் சாணமிட்டு மெழுகுவது பெண்களின் கைத்தொழில். கைவிரல்களின் வளைவு வளைவான தடமே அச்சுவரின் ஓவியமாயிருந்தது. வசதி சிறிது வந்தவுடன் மக்கள் முதலிற் செய்தது சுவருக்குச் சுண்ணாம்படித்தலே. செங்கல் வாங்க இயலாதவரும் ஒரு சாக்குச் சுண்ணாம்பு வாங்க இயலும். ஆகவே வெண்மை, மாடத்திலிருந்து குடிசைக்கு மெல்ல இறங்கி வந்தது எனலாம்.

அத்தொழிலுக்குக் கூலியாள் பலர் வேண்டியதில்லை. வீட்டார் யாவருமே அதிற் பங்குகொண்டனர். சுண்ணாம்பை முதல்நாளிரவே கரைத்துத் துணியில் வடித்து வைப்பர். பற்றுக்காகக் கஞ்சியும் உப்பும் சேர்ப்பர். சுவர் வெளுப்பாகத் தோன்றும் பொருட்டுச் சிறிது நீலம் கலப்பர். நிறம் விரும்புவோர் மஞ்சட்காவியோ செங்காவியோ சேர்ப்பர். நாரை அடித்துக் கட்டிய மட்டையே தூரிகை. சுவரை முதலில் நீர் தெளித்து நனைத்து, ஒருமுறை குறுக்காகவும் மறுமுறை நெடுக்காகவும் அடிப்பர். அடித்தவுடன் சுவர் மங்கலாகவே தோன்றும். அறியாதவர், பூச்சு போதாதென மேலும் அடித்துப் பாழாக்குவர். அறிந்தவர் பொறுத்திருப்பர். ஈரம் உலர உலர வெண்மை தானே மேலெழும். பொறுமையின் பயனைச் சிறுவர் கற்ற முதற்பாடம் பலர் வீட்டில் அதுவாகவே இருந்திருக்கும்.

மன்னார் பல சமயத்தவர் வாழும் நாடு. சைவர் தைப்பொங்கலுக்கு முன்னும், கத்தோலிக்கர் நத்தாருக்கு முன்னும், முஸ்லிம்கள் பெருநாளுக்கு முன்னும் சுவரை வெளுப்பித்தனர். கடவுளை வேறுவேறு பெயரால் அழைத்தவர்களின் சுவர்களுக்கு ஒரே கடலின் ஒரே நீறு வெண்மை தந்தது. இவ்வழக்கத்திற் சுகாதாரப் பயனும் உண்டு. நீறிய சுண்ணாம்பு கடுங்காரமுடையது. ஆதலாற் பூஞ்சணமும் சிறுபூச்சிகளும் அதிற் தங்குவதரிது. ஆண்டுதோறும் பூசவேண்டியிருந்தமையைப் பிற்காலத்தவர் குறையெனக் கண்டனர். ஆனால் அக்குறையே, ஆண்டுக்கொருமுறை வீட்டிலுள்ள பொருளெல்லாவற்றையும் வெளியேற்றி, மூலை முடுக்கெல்லாம் தூய்மை செய்யும் நியதியை நிலைநிறுத்தியது.

சீமெந்தும் புதிய பூச்சும்

இருபதாம் நூற்றாண்டிலே இரண்டு பொருள்கள் இவ்வொழுங்கைக் குலைத்தன. ஒன்று சீமெந்து. 1824இல் இங்கிலாந்திலே உரிமை பதிவு செய்யப்பட்ட போர்ட்லண்டுச் சீமெந்து, 1950இல் காங்கேசன்துறையில் ஆலை தொடங்கியபின் வடபகுதியில் எளிதிற் கிடைப்பதாயிற்று. சுண்ணச்சாந்து மாதக்கணக்கிற் பெறும் வலிமையைச் சீமெந்து நாட்கணக்கிற் பெறும். அதன் நன்மையை மறுப்பார் இலர். மற்றொன்று, தகரத்தில் அடைத்து வந்த தீந்தை. எண்ணெய்ப் பூச்சு முன்னும், நீரிற் கரையும் பசைப்பூச்சு பின்னுமாக வந்தன.

எண்ணெய்ப் பூச்சின் வெண்மைக்கு ஐரோப்பியர் பன்னெடுங்காலம் பயன்படுத்தியது ஈயவெள்ளை. அது நஞ்சு என்பதைப் பூச்சுத் தொழிலாளரின் நடுங்கும் கைகளும் வயிற்றுநோயும் உலகுக்கு உணர்த்தின. 1921இல் ஜெனீவாவிற் கூடிய அனைத்துலகத் தொழிலாளர் மாநாடு, சில விலக்குகள் நீங்கலாக, கட்டடங்களின் உட்பூச்சில் ஈயவெள்ளையை விலக்கும் உடன்படிக்கையை ஏற்றது. வெளிச்சுவரை விட்டு உட்சுவரையே அது சிறப்பாகச் சுட்டியமை நோக்கத்தக்கது. மனிதன் உண்பதும் உறங்குவதும் குழந்தை தவழ்வதும் உட்சுவர்களின் நடுவேயன்றோ? ஆயினும் நிறப்பூச்சுகளில் ஈயம் முற்றாக நீங்கிற்றில்லை. இலங்கையிற் பூச்சுகளிலுள்ள ஈயத்துக்குச் சட்டவரம்பு நடைமுறைக்கு வந்தது 2013இலேதான்.

மன்னார்க் கரைக்குத் தனியாக வேறோர் இடர் உண்டு. அஃது உப்பு. காற்றில் உப்பு, பல இடங்களிற் கிணற்றுநீரில் உப்பு, கழுவாத மணலிலும் உப்பு. அந்நீராலும் மணலாலும் குழைத்த சீமெந்துச் சாந்திலே உப்பு ஒளிந்திருக்கும். ஈரம் சுவரினின்றும் வெளியேறும்போது உப்பையும் மேற்பரப்புக்குக் கொணர்ந்து பூக்கச் செய்யும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தைத் தடுப்பதில்லை. உப்புப் பூத்தாற் துடைத்துவிட்டு மறுமுறை அடித்தாற் போதும். காற்றுப்புகாத எண்ணெய்ப் பூச்சோ ஈரத்தை உள்ளே அடைத்துவைக்கும். உப்பு அதன் பின்னே படிகமாகித் தோலை உரிப்பதுபோற் பூச்சை உரித்தெறியும். புதுச்சாந்தின் காரமும் எண்ணெயைச் சவர்க்காரமாக மாற்றிக் கெடுக்கும். ஆதலாற் புதுச்சுவரைக் குறைந்தது நான்கு வாரமேனும் உலரவிட்டே பூசுதல் வேண்டும் என்பது தொழிலறிந்தோர் கருத்து. குடிபுகும் நாளை முந்திக் குறித்துவிட்டு ஈரச்சுவரிற் தீந்தை பூசுவோர் அடுத்த மாரியிற் துன்புறுவர். பழங்கொத்தர் அறிந்திருந்த பொறுமை, தகரத்தோடு கூடி வரவில்லை.

இழந்த வீடும் மீண்ட வீடும்

இம்மாற்றம் மற்றைய இடங்களிற்போல அமைதியாக நிகழ்ந்திருப்பின் அதனை நாகரிக வளர்ச்சி என்று கூறிக் கடந்துவிடலாம். மன்னாரிலோ இடையிற் போர் வந்தது. 1990இல் மீண்டும் போர் மூண்டபோது மன்னார்த் தமிழர் பல்லாயிரவர் தலைமன்னார், பேசாலைக் கரைகளிலிருந்து படகேறி இராமேசுவரஞ் சென்று, தமிழ்நாட்டு முகாம்களில் வாழ்ந்தனர். பலர் மடுவிலே தஞ்சம் புகுந்தனர். அவ்வாண்டு ஒற்றோபர் மாதத்திலே வடமாகாண முஸ்லிம்கள், மன்னாரிலிருந்தவரும் உட்பட, விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையும் அவ்வாண்டிலேயே மூடப்பட்டது. 2009இற் போர் முடிந்தபின் மீண்டவர்கள் கண்டவை கூரையற்ற சுவர்கள். பல இடங்களிற் சுவருமில்லை, அடித்தளத்தை மூடிய காடு மாத்திரமே இருந்தது.

பின்னர் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. இந்திய அரசின் உதவியோடு வடக்கிலும் கிழக்கிலும் 46,000 வீடுகள் அமைக்கப்பட்டன. குடும்பமொன்றுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா, வேலை உயர உயரப் பகுதி பகுதியாக வழங்கப்பட்டது. வீட்டார் தாமே நின்று கட்டினர். அடித்தளம், சுவர், கூரை என்பவற்றுக்குப் பணம் சென்றபின், உட்சுவரின் பூச்சுக்கு எஞ்சியது சிறிதே. ஆகவே பல வீடுகளில் முன்னறை மாத்திரம் நிறம் பெற்றது. உள்ளறைகள் சாம்பல்நிறச் சாந்தோடு நின்றன. கடன்பட்டு நிறம் பூசியோரும் உளர். இருபது ஆண்டுகள் பிறர் கூடாரத்தில் வாழ்ந்தவர்க்குத் தம் சுவரைத் தம் விருப்பப்படி நிறமாக்குதல் வீண்செலவன்று. இது எனது என்று உலகுக்கு உரைக்கும் முதற்சொல் அது.

இங்கேதான் பழைய அறிவின் இழப்பு வருத்தத்துக்குரியதாகின்றது. சுண்ணாம்பு நீற்றவும் வடிக்கவும் அறிந்த முதியோர் இடம்பெயர்விற் சிதறினர். இளையோர் அறிந்தது கடையில் அடுக்கிய நிற அட்டையை. விலைகுறைந்த பூச்சால் உப்புச் சுவரிலே இரண்டு ஆண்டுகளில் உரிந்து விழுந்த வெண்மைக்காகக் கடன்பட்டவர், தம் பாட்டனார் காலத்திற் சிறுசெலவில் ஆண்டுதோறும் புதுக்கப்பட்ட வெண்மையை அறியாதிருந்தனர்.

வெண்மையின் விலை

பழையதை நினைந்து ஏங்குவதே இக்கட்டுரையின் கருத்தென யாரும் கொள்ளலாகாது. சுண்ணத்துக்கும் விலை உண்டு. சூளைக்காகக் காடு அழிந்தது. கரையொதுங்கிய சிப்பி போதாதபோது மனிதன் உயிருள்ள பவளப்பாறையையே பெயர்த்தான். தென்னிலங்கைக் கரையிலும், மன்னார் வளைகுடாவின் தமிழகக் கரையிலும் பவளப்பாறை பெருமளவில் அகழப்பட்டது. பாறை போன இடத்திற் கடல் கரையை உண்டது. ஆதலால் இந்தியா 1986இல் மன்னார் வளைகுடாத் தீவுகளைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது. இலங்கையும் 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தை 1988இல் திருத்திப் பவளம் அகழ்தலைத் தடைசெய்தது. இத்தடை நன்றே. சுண்ணாம்பு வேண்டுவோர் உள்நாட்டுச் சுண்ணக்கல்லிலிருந்து அதனைப் பெறலாம். கடலின் கருவை அழிக்கவேண்டியதில்லை.

ஆனால் இன்றைய தீந்தையின் வெண்மை எங்கிருந்து வருகின்றது? ஈயத்தின் இடத்தை இப்போது பெற்றிருப்பது தைத்தேனியம் ஈரொட்சைட்டு. உலகின் வெண்பூச்சுகள் பெரும்பாலும் அதனாலேயே வெண்மை பெறுகின்றன. அதற்கு மூலப்பொருள் கடற்கரை மணலிற் காணப்படும் இல்மனைற்று என்னும் கருமணல். உலகில் அகழப்படும் இல்மனைற்றின் பெரும்பகுதி நிறப்பொருளாகவே மாறுகின்றது. கீழ்க்கரையிற் புல்மோட்டையிலே அரசு கூட்டுத்தாபனம் 1957இல் நிறுவப்பட்டு அம்மணல் எடுக்கப்பட்டு வருகின்றது. அண்மைக் காலத்திலே அவுஸ்திரேலிய நிறுவனம் ஒன்று மன்னார்த் தீவின் மணலிலும் அதே கனியத்தை ஆராய்ந்துள்ளது.

மன்னார் கடல்மட்டத்துக்குச் சிறிதே உயர்ந்த மணற்றீவு. அம்மணலின் அடியிலே, உப்புநீரின்மேல் மிதந்து நிற்கும் நன்னீர்ப் படலமே தீவின் கிணறுகளுக்கு உயிர். மணலைப் பெயர்த்தால் நீர் என்னாகும் என்று மக்கள் அஞ்சுகின்றனர். 2025இல், கனியமணல் அகழ்வுக்கும் புதிய காற்றாலைகளுக்கும் எதிராக அவர்கள் தொடர்ந்து போராடினர். அவ்வச்சத்தைச் சுவரின் வரலாற்றோடு சேர்த்து நோக்கினால் ஒரு விந்தை புலப்படும். முன்னர் இக்கரையின் சிப்பி இக்கரையின் சுவரை வெளுப்பித்தது. இனி இக்கரையின் மணல் கப்பலேறிச் சென்று, முகமறியாத நாட்டின் ஆலையிலே வெண்மையாகி, ஒரு பகுதி தகரத்தில் அடைந்து மீண்டும் இங்கேயே விலைக்கு வரலாம். அதனைப் பூசுபவன் தன் சுவரிலே தன் தீவையே பூசுகின்றான் என்பதை அறியமாட்டான்.

அரசியின் உள்ளறை, தேசாதிபதியின் தூண், எளியவனின் குடிசை, மீள்குடியேறியவனின் புதுவீடு ஆகிய யாவற்றிலும் வெண்மை ஒன்றே. அதன் மூலமும் கரையே. வேறுபட்டது அறிவு. சூளையின் புகையைக் கண்டவனுக்குத் தன் சுவரின் விலை தெரிந்திருந்தது. விறகு எவ்வளவு, சிப்பி எவ்வளவு, உழைப்பு எவ்வளவு என்று அவன் கணக்கிடுவான். தகரத்தைத் திறப்பவனுக்கு அதன்மேல் ஒட்டிய ரூபாக்கணக்கு மாத்திரமே தெரியும். ஆகவே புதுமனை கட்டுவோர் சுண்ணத்தைத் தேர்ந்தாலுஞ் சரி, தீந்தையைத் தேர்ந்தாலுஞ் சரி, நிற அட்டையை விரிப்பதற்கு முன் இரண்டு வினாக்களைக் கேட்டல் தகும். இச்சுவர் இவ்வூர்க் காற்றையும் உப்பையும் தாங்குமா என்பது ஒன்று. இவ்வெண்மை யாருடைய கரையிலிருந்து வந்தது என்பது மற்றொன்று. முதல் வினா சுவரைக் காக்கும். இரண்டாவது வினா, சுவர் நிற்கும் நிலத்தைக் காக்கும்.